பார்ட் டி மருந்துக் காப்பீட்டை நிறுத்தலாமா? நிறுத்துவதென்றால் எப்படி?

அக்டோபர் பிறந்துவிட்டால் என்னிடம் வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "மாசாமாசம் பிரீமியம் போகுது, நான் சாப்பிடுறது ரெண்டே மாத்திரை, இந்த மருந்து இன்ஷூரன்ஸை நிறுத்திடலாமா?" கேட்பவர்கள் அறுபத்தைந்தைத் தாண்டிய நம் பெரியவர்கள், அல்லது அவர்களுடைய காகிதங்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள். நியூஜெர்சியில் ஒரு ஃபார்மசியில் பல ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்தவர்கள் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு உட்கார்ந்து சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்கள் எல்லாம் 2026-ஆம் ஆண்டுக்கானவை. வேறு ஆண்டென்றால் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மெடிகேர் என்பது அமெரிக்காவில் அறுபத்தைந்து வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. அதில் மருந்துச் செலவுக்கான பகுதிதான் பார்ட் டி; அதைத் தனியார் கம்பெனிகள் பிளான்களாக விற்கின்றன. பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். பார்ட் டி-க்கு ஈடான வேறொரு மருந்துக் காப்பீடு கையில் இருந்தால் நிறுத்தலாம். இல்லையென்றால் நிறுத்தாதீர்கள், விலை குறைந்த பிளானுக்கு மாறிக்கொள்ளுங்கள். நிறுத்த வேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த மாற்றம்தான்.

முதலில் உங்களிடம் இருப்பது என்ன?

பர்ஸில் இருக்கும் அட்டைகள் எல்லாவற்றையும் மேசை மேல் எடுத்து வையுங்கள். சிவப்பு, வெள்ளை, நீலத்தில் இருப்பது அரசாங்க மெடிகேர் அட்டை. அதில் பார்ட் ஏ (ஆஸ்பத்திரிச் செலவுக்கு), பார்ட் பி (டாக்டர் செலவுக்கு) என்று இருக்கும். மருந்துக்கு அது உதவாது. மருந்துக்கென்று ஒரு தனியார் கம்பெனியின் தனி அட்டை இருந்தால் அது தனி பார்ட் டி பிளான். டாக்டருக்கும் மருந்துக்கும் சேர்த்து ஒரே அட்டை இருந்தால் அநேகமாக மெடிகேர் அட்வான்டேஜ், அதாவது மெடிகேரை மொத்தமாகத் தனியார் கம்பெனி வழியாக வாங்கும் பிளான். பழைய வேலை கொடுத்த அட்டை என்றால் அது ஓய்வூதியர் காப்பீடு. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் யாருக்கும் ஃபோன் செய்யாதீர்கள். தனி பிளானை விடுவது எளிது. அட்வான்டேஜில் மருந்துப் பகுதியை மட்டும் கழற்ற முடியாது. பிளானையே மாற்ற வேண்டும். ஓய்வூதியர் காப்பீட்டில் கை வைத்தால் சில சமயம் டாக்டர் செலவுக்கான காப்பீடும், கணவன் அல்லது மனைவியின் காப்பீடும் சேர்ந்தே போய்விடும். அப்படிப் போனதைத் திரும்ப வாங்குவது பல இடங்களில் முடியாது. பழைய கம்பெனியின் பெனிஃபிட்ஸ் பிரிவில் ஒரு வார்த்தை கேட்காமல் எதையும் செய்ய வேண்டாம்.

ஈடான காப்பீடு என்றால்

மெடிகேர் மொழியில் இதற்குக் கிரெடிடபிள் கவரேஜ் என்று பெயர். சராசரியாகப் பார்த்தால் பார்ட் டி தருகிற அளவுக்காவது மருந்துச் செலவை ஏற்கிற காப்பீடு என்று அர்த்தம். நீங்களோ உங்கள் துணையோ இன்னும் வேலையில் இருந்து அந்தக் காப்பீட்டில் நீங்களும் இருந்தால், அது ஈடானதா இல்லையா என்று ஆண்டுதோறும் அக்டோபர் நடுவுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டியது காப்பீடு தருகிறவர்களின் கடமை. அந்தக் கடிதம் ஒரே ஒரு தாள். விளம்பரம் என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். அதைப் பத்திரப்படுத்துங்கள், ஒவ்வோர் ஆண்டுடையதையும். முன்னாள் படைவீரர்களுக்கான விஏ மருந்து வசதி, ராணுவக் குடும்பங்களின் ட்ரைகேர், மத்திய அரசு ஊழியர் காப்பீடு எல்லாம் ஈடானவைதான்.

எது ஈடாகாது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் குழப்பம் இங்கேதான். ஃபார்மசியில் காட்டும் தள்ளுபடி கார்டுகள் காப்பீடே அல்ல. வால்மார்ட்டின் நாலு டாலர் பட்டியலும் காப்பீடு அல்ல. மார்க் க்யூபன் 2022-ல் தொடங்கிய காஸ்ட் பிளஸ் போன்ற இணைய மருந்தகத்தில் மலிவாக வாங்குவதும் அப்படித்தான். ஊருக்குப் போய்வரும்போது பெட்டியில் கொண்டுவரும் மாத்திரை அட்டைகளும் கணக்கில் வராது. இவையெல்லாம் இன்றைய மாத்திரையின் விலையைக் குறைக்கும். நாளைக்கு வரப்போகும் மாத்திரைக்கு எந்தப் பொறுப்பும் ஏற்காது.

அபராதம், அதைவிடப் பெரிய காத்திருப்பு

கும்பகோணத்தில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், மகளோடு இங்கே பக்கத்து ஊரில் இருக்கிறார். கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டு முடிந்ததும் பார்ட் பி எடுத்தார், கூடவே பார்ட் டி. (இந்த ஊரில் வேலை செய்து வரி கட்டாதவர்களுக்கு பார்ட் ஏ இலவசமில்லை. பார்ட் பி மட்டும் இருந்தாலும் பார்ட் டி எடுக்கலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.) சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு லிசினோப்ரில், அவ்வளவுதான் அவருடைய மருந்து. "ஏம்மா, ரெண்டும் நாலு நாலு டாலருக்குக் கிடைக்குது. இதுக்கு எதுக்கு மாசம் முப்பது டாலருக்கு மேல கட்டணும்?" என்றார். கேள்வி நியாயம்தான். உறையின் பின்பக்கத்தில் அவர் முன்னாலேயே கணக்குப் போட்டோம்.

ஈடான காப்பீடு இல்லாமல் தொடர்ந்து 63 நாள் அல்லது அதற்கு மேல் இருந்துவிட்டுப் பிறகு சேர்ந்தால் அபராதம் உண்டு. காப்பீடு இல்லாமல் கடந்த ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 1 சதவீதம். எதில் 1 சதவீதம் என்றால், நாடு முழுவதற்கும் அரசு அறிவிக்கும் அடிப்படை பிரீமியத்தில். 2026-ல் அது 38.99 டாலர். அவர் நான்கு ஆண்டு விட்டுவிட்டுச் சேர்ந்தால் 48 மாதம், 48 சதவீதம், ஆக மாதம் 18.70 டாலர். இது எந்தப் பிளானில் சேர்ந்தாலும் அந்தப் பிரீமியத்துக்கு மேல் வரும், பார்ட் டி இருக்கும்வரை வரும். சதவீதம் அப்படியே நிற்கும். அடிப்படைத் தொகை ஆண்டுதோறும் மாறும். 2024-ல் அது 34.70 ஆக இருந்தது, 2025-ல் 36.78. அதோடு அபராதமும் ஏறும்.

"சரி, நாலு வருஷம் மிச்சம் பண்ணின காசு அதைவிட அதிகம்தானே?" என்றார் அவர். தபால் ஆபீஸ் கணக்கு தப்பாது. வெறும் அபராதத்தை மட்டும் பார்த்தால் சிலருக்கு நிறுத்துவது லாபமாகக்கூடத் தெரியும். நான் அஞ்சுவது அபராதத்தைப் பற்றி இல்லை, காத்திருப்பைப் பற்றி.

பிப்ரவரியில் நெஞ்சு படபடக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறார், இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை, ரத்தம் உறையாமலிருக்க எலிக்விஸ் எழுதித் தருகிறார்கள் என்று வையுங்கள். அன்றைக்கே போய் பார்ட் டி-யில் சேர முடியாது. நோய் வந்தது சேர்வதற்குக் காரணமாகாது. அக்டோபர் 15 வரை காத்திருக்க வேண்டும். சேர்ந்தாலும் காப்பீடு தொடங்குவது ஜனவரி 1. இடையில் பத்து மாதம். 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெடிகேர் பேரம் பேசி எலிக்விஸுக்கு 30 நாளுக்கு 231 டாலர் என்ற விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த விலை மெடிகேர் பிளானில் இருப்பவர்களுக்குத்தான். வெளியே இருப்பவருக்குப் பட்டியல் விலை மாதம் ஐநூறைத் தாண்டும். கம்பெனியிடம் நேரடியாக ரொக்கத்துக்கு வாங்கினாலும் முந்நூறுக்கு மேல். இது ஒரு சாதாரண இதய மாத்திரை. புற்றுநோய்க்கு வாயால் சாப்பிடும் மாத்திரைகளில் மாதம் பத்தாயிரம் டாலரைத் தாண்டுபவை உண்டு.

பார்ட் டி-க்குள் இருந்தால் பிளானின் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு ஆண்டு முழுவதற்கும் உங்கள் கையிலிருந்து போவது 2,100 டாலரோடு நின்றுவிடும். அதற்கு மேல் அந்த ஆண்டில் பூஜ்யம். 2025-ல்தான் இந்த உச்சவரம்பு வந்தது, அப்போது 2,000. அதற்கு முன்பு டோனட் ஹோல் என்று, மருந்துச் செலவு ஓர் அளவைத் தாண்டியதும் நீங்களே அதிகம் கட்ட வேண்டிய ஒரு இடைவெளி இருந்த காலத்தில் நான் கவுன்ட்டரில் நின்றிருக்கிறேன். கோடையில் நாற்பது டாலருக்கு வாங்கிய இன்சுலினை இலையுதிர் காலத்தில் வாங்க வந்து, திரையில் வந்த விலையைக் கேட்டுவிட்டு, "பாதி மட்டும் கொடுங்கள்" என்றவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறேன். இப்போது அந்த இடைவெளி ஒழிந்துவிட்டது. இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது என்று 2023 முதல் இருக்கிறது. ஷிங்கிள்ஸ் (அக்கி) போன்ற பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளுக்குக் கையிலிருந்து காசு இல்லை. 2006-ல் பார்ட் டி தொடங்கியதிலிருந்து இந்தக் காப்பீடு இவ்வளவு உபயோகமாக இருந்ததில்லை. இந்த நேரத்தில் அதை விடுகிறேன் என்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

நிறுத்துவதற்கு முன் செலவைக் குறைக்கும் வழிகள்

மெடிகேர் டாட் கவ் தளத்தில் பிளான்களை ஒப்பிடும் பகுதி இருக்கிறது. உங்கள் ஜிப் கோடு, மருந்தின் பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எந்த ஃபார்மசி என்று உள்ளிடுங்கள். மருந்து பாட்டிலின் லேபிளைப் பார்த்தே உள்ளிடுங்கள், ஞாபகத்திலிருந்து வேண்டாம். எக்ஸ்ஆர் என்ற இரண்டெழுத்து விட்டுப்போனால் அது வேறு மருந்து, வேறு விலை. வரும் பட்டியலில் மாதப் பிரீமியத்தைப் பார்க்காதீர்கள். பிரீமியமும் மருந்துச் செலவும் சேர்ந்த ஆண்டு மொத்தத்தைப் பாருங்கள். இரண்டு சாதாரண ஜெனரிக் (பிராண்டு பெயர் இல்லாத மலிவு) மாத்திரை மட்டும் சாப்பிடுபவருக்கு, பல இடங்களில், இப்போது கட்டுவதில் பாதிக்கும் குறைவாகக் கட்டும் பிளான் கிடைக்கும். சில மாநிலங்களில் பிரீமியமே இல்லாத தனி பிளான்கள்கூட உண்டு. டிடக்டிபிள், அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நீங்கள் கட்டும் தொகை, அதிகமாக இருக்கும் (2026-ல் அதிகபட்சம் 615 டாலர்), ஆனால் நிறைய பிளான்களில் மலிவு ஜெனரிக்குகளுக்கு டிடக்டிபிள் பொருந்துவதில்லை.

ஃபார்மசியையும் மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு பிளானுக்கும் விருப்பமான ஃபார்மசிகள் சில உண்டு; அதே மாத்திரை எதிர்ச்சாரியில் இருக்கும் கடையில் கோபே (மருந்து வாங்கும்போது நீங்கள் தரும் பங்கு) இல்லாமல் கிடைக்கலாம். காப்பீடு இருக்கிறது என்பதற்காக எல்லா மருந்தையும் அதன் வழியாகத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. ரொக்க விலை குறைவாக இருந்தால், "இதை இன்ஷூரன்ஸில் போடாதீர்கள்" என்று கவுன்ட்டரில் சொன்னால் போதும். அப்படி வாங்கியது 2,100 கணக்கில் தானாகச் சேராது. பெரிய மருந்து இல்லாதவருக்கு அது ஒரு பொருட்டில்லை.

அடுத்து எக்ஸ்ட்ரா ஹெல்ப். வருமானமும் சேமிப்பும் குறைவாக உள்ளவர்களுக்கு பார்ட் டி பிரீமியம், டிடக்டிபிள், கோபே மூன்றையும் குறைக்கும் மத்திய அரசு உதவி இது. 2025 கணக்கில் தனியாளுக்கு ஆண்டு வருமானம் 23,475 டாலர், தம்பதிக்கு 31,725 டாலர் வரை; சேமிப்பு தனியாளுக்கு 17,600, தம்பதிக்கு 35,130 வரை. வரம்பு ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும். பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள், "பையன் நல்லா சம்பாதிக்கிறான், எங்களுக்குக் கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். பார்ப்பது விண்ணப்பிப்பவர், அவருடைய கணவன் அல்லது மனைவி, இவர்களுடைய வருமானத்தைத்தான். பிள்ளையின் சம்பளத்தை அல்ல. குடியிருக்கும் வீடும் காரும் சொத்தில் சேராது. ஆனால் ஊரிலிருந்து வரும் பென்ஷன், அங்கே உள்ள வங்கிப் பணம், வேறு நிலபுலன் எல்லாவற்றையும் உள்ளபடி சொல்ல வேண்டும்.

கும்பகோணத்துக்காரர் விஷயம் இதில்தான் முடிந்தது. அவருடைய பென்ஷனை டாலரில் மாற்றிப் பார்த்தால் வரம்புக்கு எவ்வளவோ கீழே. சேமிப்பு கொஞ்சம்தான், ஊர் வீடு மகன் பெயரில். சோஷியல் செக்யூரிட்டி (அரசின் ஓய்வூதிய அமைப்பு) தளத்தில் மகள் விண்ணப்பித்தாள், கிடைத்துவிட்டது. இப்போது பிரீமியம் இல்லாமல் இருக்கிறார். ஜெனரிக்குக்கு அதிகபட்சம் 5.10 டாலர், பிராண்டு மருந்து வந்தாலும் 12.65 டாலர். எக்ஸ்ட்ரா ஹெல்ப் இருக்கும்வரை தாமத அபராதமும் கிடையாது. நிறுத்த வந்தவர் மாதம் முப்பது சொச்சத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு காப்பீட்டோடே இருக்கிறார்.

மாநில உதவிகளும் உண்டு. நியூஜெர்சியில் பாட் (PAAD) என்ற மருந்து உதவித் திட்டத்தில் ஜெனரிக்குக்கு 5 டாலர், பிராண்டுக்கு 7 டாலர்தான். நியூயார்க்கில் இதுபோன்ற திட்டத்துக்கு எபிக் என்று பெயர். பாட் திட்டத்துக்கு பார்ட் டி இருந்தாக வேண்டும். தெரியாமல் பார்ட் டி-யை நிறுத்தினால் அந்த உதவியும் ஆட்டம் காணும். கூடவே, ஜனவரியில் ஒரேயடியாக டிடக்டிபிள் விழுகிறதே என்பதுதான் பிரச்சினை என்றால், 2025 முதல் அந்தச் செலவை மாதத் தவணையாகப் பிரித்துக் கட்ட ஒவ்வொரு பிளானும் வழி வைத்திருக்கிறது, வட்டி இல்லை. பிளானைக் கூப்பிட்டு மெடிகேர் பிரிஸ்கிரிப்ஷன் பேமென்ட் பிளான் வேண்டும் என்று சொல்லுங்கள்.

யார் நிறுத்தலாம்

துணையின் வேலைக் காப்பீட்டில் சேர்ந்து, அது ஈடானது என்ற கடிதமும் கையில் இருப்பவர்கள். விஏ-யில் எல்லா மருந்தும் வாங்குபவர்கள். வேலைக்குத் திரும்பப் போய்க் கம்பெனி காப்பீடு கிடைத்தவர்கள். இந்தியாவுக்கே நிரந்தரமாகத் திரும்புகிறவர்கள். இவர்கள் இரண்டு காப்பீட்டுக்குக் காசு கட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. வருமானம் அதிகமாக உள்ளவர்களுக்கு (2026-ல் தனியாளுக்கு 109,000, தம்பதிக்கு 218,000 டாலருக்கு மேல்) பிரீமியத்துக்கு மேல் இர்மா என்று ஒரு கூடுதல் தொகையும் பிடிப்பார்கள்; ஈடான காப்பீடு இருந்து பார்ட் டி-யை விட்டால் மருந்துக்கான இர்மாவும் நின்றுவிடும். ஈடான காப்பீடு இல்லாமல் இர்மாவுக்காக மட்டும் நிறுத்த நினைப்பவர்கள் ஒன்றைப் பாருங்கள்: ஓய்வு பெற்றதால் வருமானம் குறைந்திருந்தால் சோஷியல் செக்யூரிட்டியிடம் எஸ்எஸ்ஏ-44 படிவம் கொடுத்து அந்தத் தொகையையே குறைக்கலாம்.

செய்யும் முறை

வெறுமனே வேறு பிளானுக்கு மாறுவதென்றால் பழையதை நிறுத்தவே வேண்டாம். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7-க்குள் புதிய பிளானில் சேர்ந்தால், டிசம்பர் 31-ஓடு பழையது தானாக விலகிக்கொள்ளும். முதலில் பழையதை முறித்துவிட்டுப் பிறகு புதியதைத் தேடுவது ஆபத்து. நடுவில் ஏதாவது தடங்கல் வந்தால் ஜனவரியில் வெறுங்கையோடு நிற்க வேண்டும்.

முழுக்க நிறுத்துவதென்றால் காலம் பார்க்க வேண்டும். யாராக இருந்தாலும் அதே அக்டோபர் 15 – டிசம்பர் 7 காலத்தில் சொல்லலாம். காப்பீடு டிசம்பர் 31 வரை இருக்கும். வேலைக் காப்பீடு, விஏ, ட்ரைகேர் போன்றவை கிடைத்தவர்களுக்கு ஆண்டின் நடுவிலும் சிறப்பு வாய்ப்பு உண்டு. விண்ணப்பம் போய்ச் சேரும் மாதக் கடைசியில் முடியும். புதுக் காப்பீடு தொடங்கும் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். ஒரு நாள்கூட இடைவெளி விழ வேண்டாம்.

வழி இரண்டு. ஒன்று, மெடிகேருக்கு 1-800-633-4227 என்ற எண்ணில் ஃபோன் செய்வது. அநேகமாக எல்லா நாளும் இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். பிள்ளைகள் பேசுவதென்றால் பெரியவர் பக்கத்தில் இருந்து பெயர், பிறந்த தேதி, மெடிகேர் எண் சொல்லி, "என் மகள் என் சார்பில் பேசலாம்" என்று வாயால் அனுமதி தர வேண்டும். இல்லாவிட்டால் அரை மணி காத்திருந்தது வீண். மற்றொன்று, பிளானுக்கே கையெழுத்திட்ட கடிதம் அனுப்புவது. பெயர், மெடிகேர் எண், பிளான் உறுப்பினர் எண், எந்தத் தேதியோடு விலக விரும்புகிறீர்கள், ஏன் என்று ஒரு வரி, கையெழுத்து, தேதி. நகல் எடுத்துக்கொண்டு, சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் தபாலில் போடுங்கள்.

பணம் கட்டாமல் விட்டால் தானாக நின்றுவிடும் என்று மட்டும் இருக்காதீர்கள். பிளான் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் கொடுத்து, கடிதம் மேல் கடிதம் அனுப்பி, அப்புறம் நீக்கும். அந்த மாதங்களின் பாக்கி உங்கள் தலையில் நிற்கும். இப்படி நீக்கப்பட்டவருக்கு உடனே வேறு பிளானில் சேரும் சிறப்பு வாய்ப்பு கிடைப்பதில்லை.

அட்வான்டேஜில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதை அழுத்திச் சொல்கிறேன். எச்எம்ஓ அல்லது பிபிஓ வகை (தனக்கென்று டாக்டர் பட்டியல் வைத்திருக்கும்) அட்வான்டேஜில் இருந்துகொண்டு, மருந்துக்கு மலிவாக இருக்கிறதே என்று தனி பார்ட் டி பிளானில் சேர்ந்தால், அட்வான்டேஜ் முழுவதும் ரத்தாகி நீங்கள் பழைய அசல் மெடிகேருக்குப் போய்விடுவீர்கள். அங்கே 20 சதவீதச் செலவு உங்களுடையது. அதை ஈடுகட்ட மெடிகேப் என்ற கூடுதல் காப்பீடு வாங்கப் போனால், நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்கள் தவிர, உடல்நிலையைக் கேட்டு மறுக்கலாம். இப்படி விளங்காமல் சேர்ந்துவிட்ட ஒருவருக்கு ஜனவரியில் டாக்டர் ஆபீஸில்தான் விஷயமே தெரிந்தது. அவருடைய மனைவி கவுன்ட்டரில் நின்று அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டியபோது கை நடுங்கியது. அட்வான்டேஜில் இருப்பவர்கள் வேறு அட்வான்டேஜுக்கோ அசல் மெடிகேருக்கோ மாற ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை இன்னொரு வாய்ப்பு உண்டு. அதில்தான் அவரை மீட்க முடியுமா என்று பார்த்தோம், ஆனால் அட்வான்டேஜை விட்டு வந்துவிட்டவருக்கு அந்தக் கதவு பொருந்தவில்லை. அடுத்த அக்டோபர் வரை காத்திருந்தார்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு

ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் சென்னையில் என்று இருக்கிறவர்கள் நிறுத்த வேண்டாம். வெளிநாட்டில் வாங்கும் மருந்துக்கு பார்ட் டி பணம் தராது என்பது உண்மை. புறப்படுமுன் டாக்டரிடம் 90 நாள் மருந்து எழுதி வாங்குங்கள்; அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஃபார்மசியில் வெகேஷன் ஓவர்ரைடு கேளுங்கள், பிளான் அனுமதித்தால் முன்கூட்டியே கிடைக்கும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். பெட்டி கட்டுகிற அன்று வந்து கேட்டால் ஃபார்மசிக்காரர்களால் எதுவும் செய்ய முடியாது. பிளானின் எல்லையை விட்டு எவ்வளவு காலம் வெளியே இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. தனி பார்ட் டி பிளானில் தொடர்ந்து ஓராண்டு, அட்வான்டேஜில் பொதுவாக ஆறு மாதம். அதற்கு மேல் போனால் பிளானே நீக்கிவிடும்.

நிரந்தரமாகத் திரும்புகிறவர்கள் பிளானுக்குத் தெரிவித்து விலகிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வசிக்கிற மாதங்கள் அபராதக் கணக்கில் சேராது, அந்த மாதங்களில் பார்ட் டி-யில் இருக்க உங்களுக்குத் தகுதியே இல்லை என்பதால். பேரப்பிள்ளைகளைத் தேடித் திரும்பி வந்து குடியேறினால், வந்த மாதம் போக இரண்டு முழு மாதம் சேர அவகாசம் உண்டு. பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளும் அங்கே குடியிருந்ததற்கான காகிதமும் அப்போது உதவும். ஆனால் அதே கையெழுத்தோடு பார்ட் பி-யையும் விட்டுவிடாதீர்கள். பார்ட் பி-க்கு அபராத விதி வேறு: விட்டிருந்த ஒவ்வொரு முழுப் 12 மாதத்துக்கும் 10 சதவீதம், வெளிநாட்டில் இருந்தாலும் தப்பாது. அதைத் தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

நிறுத்திய பிறகு

உறுதிக் கடிதம் வரும்வரை விடாதீர்கள். எந்தத் தேதியோடு முடிந்தது என்று அதில் இருக்க வேண்டும். பிரீமியம் சோஷியல் செக்யூரிட்டி பணத்திலிருந்து பிடிக்கப்பட்டு வந்தால், அது நிற்க ஓரிரு மாதம், சில சமயம் மூன்று மாதம்கூட ஆகும். கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போவதென்றால் அதை நீங்கள் தனியே ரத்து செய்ய வேண்டியிருக்கலாம்.

பிறகு எப்போதாவது பார்ட் டி-யில் மீண்டும் சேரும்போது, இடைப்பட்ட காலத்தில் என்ன காப்பீடு இருந்தது என்று புதிய பிளான் கடிதம் எழுதிக் கேட்கும். அதற்குப் பதில் போடாமல் விட்டால் அபராதம் விழுந்துவிடும். அப்போதுதான் அந்தக் கிரெடிடபிள் கவரேஜ் தாள்கள் தேவைப்படும். தவறாக அபராதம் போட்டார்கள் என்று தோன்றினால், கடிதத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். படிவம் அந்தக் கடிதத்தோடேயே வரும்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் அதை ஹைக்காப் என்பார்கள். அவர்கள் எந்தக் கம்பெனிக்கும் விற்பவர்கள் அல்ல. தானாக ஃபோன் செய்து, "மெடிகேரிலிருந்து பேசுகிறோம், உங்கள் பிளான் ரத்தாகப் போகிறது, எண்ணைச் சொல்லுங்கள்" என்பவர்களிடம் எதையும் சொல்லாமல் வைத்துவிடுங்கள். மெடிகேர் அப்படிக் கூப்பிடாது.

ஜனவரியில் முதல் மருந்து வாங்கப் போகும்போது புது அட்டையைக் கொடுத்து, "பழைய இன்ஷூரன்ஸை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்" என்று ஃபார்மசியில் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் பழையதே இருந்தால் மருந்து மறுக்கப்பட்டு வரும். வரிசை நீளமாக இருக்கும் அந்த முதல் வாரத்தில் நீங்கள் பயந்துபோவீர்கள். அட்டை தபாலில் வந்து சேரவில்லை என்றால் பிளான் அனுப்பிய சேர்க்கைக் கடிதத்தைக் காட்டினாலும் போதும். அதில் உள்ள எண்களை வைத்தே போட்டுவிடுவார்கள்.